கோர்வைக் கரையும் பிள்ளைக் கையும்

காஞ்சிப் பட்டின் அழகே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். சேலையைத் திருப்பினால் இரண்டின் ஊடையிழைகளும் ஒன்றையொன்று கவ்வியிருப்பது தெரியும். அதற்கு ஊடையிழையைக் கொண்டோடும் நாடா மூன்று ஓட வேண்டும். ஒருவர் கை போதாது. நெசவாளிக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள நெடுங்காலம் உட்கார்ந்தது பெரும்பாலும் பிள்ளைதான்: ஆள் வைக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை, அல்லது முன்பணத்துக்கு ஈடாகப் பிறர் தறிக்குப் போன பிள்ளை. தொழில் இப்படித்தானே கைவரும் என்பார்கள். நாள் முழுக்க ஒரே நாடாவைத் தள்ளினால் கை பழகலாம். பாவு பிணைக்கவோ புட்டா போடவோ வராது, பள்ளி மட்டும் போய்விடும். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2016 திருத்தமோ பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விட்டுவைத்தது. அந்த விலக்கு எனக்கு உறுத்துகிறது. பிள்ளை எழுந்துபோனால் கோர்வை அழிந்துவிடும் என்பதும் சரியல்ல. கணவனும் மனைவியுமாக அமர்ந்து கோர்வை போடும் தறிகள் இருக்கின்றன. அந்த இரண்டாம் ஆளின் கூலியையும் சேர்த்துச் சொல்லும் விலை நியாயமான விலைதான்.