நூலை இழுத்தால் சுருளும் ஓரம்

ஷிஃபான் துப்பட்டாவை மிஷினில் பீகோ அடிக்கக் கொடுப்பவர்களைப் பார்த்தால், பிடித்து உட்காரவைத்துக் கையில் ஊசியைக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது எனக்கு. பீகோ மோசமில்லை, அன்றாடம் கட்டுகிற புடவைக்கு அது தாராளம். ஆனால் மெல்லிய துணியில் நெருக்கமாக நூல் ஏறினால் ஓரம் விறைத்துப்போகிறது. துணி ஒரு பக்கம் விழ, ஓரம் மட்டும் அலை அலையாக முறுக்கிக்கொண்டு நிற்கும். கையால் சுருட்டித் தைத்த ஓரமோ துணியோடு துணியாக வழியும். அந்த வழிசலைத் தோளில் போட்டுப் பார்த்தவர்கள் திரும்ப மிஷின் பக்கம் போகவே மாட்டார்கள்!

வேலை நடக்கிற விதம்தான் இன்னும் அழகு. ஓரத்தை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மடித்துக்கொள்கிறேன். ஒற்றை நூல், 10-ஆம் நம்பர் ஊசி. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். மடிப்புக்குள்ளேயே ஊசியை அரை சென்டிமீட்டர் ஓட்டி வெளியே எடுத்து, பிசிருக்குச் சற்றுக் கீழே துணியில் ஒரே ஒரு இழையைக் குத்தி எடுக்க வேண்டும். மறுபடி மடிப்பு, மறுபடி ஓர் இழை. ஏழெட்டுத் தையல் வரை ஏணிப்படி மாதிரி நூல் தெரியும், அவ்வளவுதான். இப்போது நூலை மெல்ல இழுங்கள். அடடா! பிசிரெல்லாம் உள்ளே போய்விட, ஓரம் தானாகவே உருண்டு திரண்டு நிற்கும். நூல் போன தடமே தெரியாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பாரிஸின் எர்மெஸ் நிறுவனம் 1937-இல் கொண்டுவந்த பட்டு ஸ்கார்ஃபுக்கு இன்றைக்கும் இப்படிக் கையால் சுருட்டித்தான் ஓரம் தைக்கிறார்கள். 90 சென்டிமீட்டர் சதுரம். நாலு பக்கமும் சேர்த்தால் 3.6 மீட்டர் ஓரம். அதிலும் சுருளைப் பின்பக்கம் மறைக்காமல், நல்ல பக்கத்தில் தெரியும்படியே வைக்கிறார்கள். வைக்கட்டுமே, அவ்வளவு அழகு அது!

துணி வழுக்குகிறது என்று பயப்படாதீர்கள். தண்ணீர் பட்டால் கெடாத ஷிஃபான் என்றால் நீர்த்த கஞ்சியில் நனைத்து உலர்த்தித் தையுங்கள், சொன்னபடி கேட்கும். தைத்து முடித்து அலசினால் பழைய குழைவு வந்துவிடும். குடைப் பாவாடையை மட்டும் ஓர் இரவு தொங்கவிட்டு, துணி இறங்கியபின் நீளத்தைச் சமன்செய்து ஓரத்தில் கை வையுங்கள். என் அக்கா மகளுடைய ஜார்ஜெட் பாவாடை அப்படித்தான் இப்போது கொடியில் தொங்குகிறது. எப்போது விடியும் என்று கை பரபரக்கிறது எனக்கு!