கை மட்டும் தெரியும் உடல்: இரும்புக்கை மாயாவியைச் சேரியிலிருந்து வாசித்தல்

தமிழில் எம்.ஏ. படித்தவன் காமிக்ஸ் பற்றி எழுதலாமா? பேராசிரியர்களுக்கு அது சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம். தோழர்களுக்கு ஏகாதிபத்தியக் குப்பை. தீவிர இலக்கியக்காரர்களுக்கு வெகுசனக் கழிவு. இந்த மூன்று தரப்பும் ஒரே குரலில் பேசுகிற விஷயங்கள் தமிழ்ச் சூழலில் ரொம்பக் குறைவு. அப்படிப் பேசும்போதெல்லாம் நாம் கொஞ்சம் சந்தேகப்பட்டாக வேண்டும். நான் காமிக்ஸ் ரசிகன். இப்பவும்தான். ரசிகன் என்கிற இடத்தை விட்டு எழுந்துவிடாமலேயே இதை எழுதுகிறேன்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மூலப் பிரதி, 1962இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கிய தொடர். படம் வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ. நாயகன் லூயிஸ் கிராண்டேல், ஒரு விஞ்ஞானியிடம் வேலை பார்க்கும் உதவியாள். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். சோதனைக்கூடத்தில் நடக்கும் இன்னொரு விபத்தில் அவன் மேல் மின்சாரம் பாய்கிறது. உடல் மறைந்துபோகிறது. இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. அதன் பிறகு மின்சாரம் தொட்டால் மறைவான். வேகம் தீர்ந்ததும் மறுபடி தெரிவான். கதை இவ்வளவுதான்.

இந்தக் கதை எங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பது இன்னொரு கதை. தொண்ணூறுகளின் கடைசியில் அம்மாப்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு பழைய புத்தகக் கடை. ஒரு தடவை படிக்க ஐம்பது காசு. மேலத்தெருப் பையன்கள் வீட்டுக்கே எடுத்துப் போகலாம். நாங்கள் வாசலில் குந்திப் படித்துவிட்டுக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும் முன் கடைக்காரர் கேட்பார்: "கையைக் காட்டு." நடவுக் காலத்தில் நகக்கண்ணில் சேறு இருக்கும். கால்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டுவோம். அவர் எங்கள் முகத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. கையைத்தான் பார்ப்பார்.

இரும்புக்கை மாயாவியை நாங்கள் வாசித்தது இந்தக் கையோடுதான். டெல்டாவின் நெல் விவசாயம் ஒரு விசித்திரமான பார்வை அமைப்பைக் கட்டமைத்து வைத்திருக்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் எங்கள் கை வேண்டும். கையோடு ஒட்டிய உடல் வேண்டாம், அது தீட்டு. களத்தில் தெரிகிற கை, திண்ணையருகே வந்ததும் தெரியாமல் போக வேண்டும். அமெரிக்கக் கறுப்பர் ரால்ஃப் எலிசன் 1952இல் எழுதிய நாவலின் நாயகனும் கண்ணுக்குத் தெரியாதவன்தான். அங்கே மாயம் எதுவும் இல்லை. மற்றவர்கள் பார்க்க மறுப்பதுதான் அவனை மறைக்கிறது. கிராண்டேல் இதைத் தலைகீழாக்குகிறான். மறைவது அவனுக்குப் பலம். அவன் நுழைய முடியாத இடமே இல்லை. "நீ மாயாவியா இருந்தா என்னடா செய்வே?" என்று எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. யாரும் வங்கியைக் கொள்ளையடிக்கப் போகவில்லை. ஒருத்தன் கோயிலுக்குள் போனான். ஒருத்தன் ஆண்டை வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடினான்.

ஒருநாள் அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சாயங்காலம் ஆனா அவனுக்குக் கை வலிக்காதாடா?" எந்த விமர்சகரும் கேட்காத கேள்வி. பிரதி எந்த இடத்தில் மௌனமாக இருக்கிறதோ அந்த இடத்தில் அப்பா கைவைத்தார். இரும்பால் செய்த கைக்கு வலி இல்லை, கூலியும் இல்லை. அப்படி ஒரு கைக்குத்தானே எல்லாப் பண்ணைகளும் ஆசைப்பட்டன!

அதற்காக வாசகன் எல்லாப் பிரதியையும் கவிழ்த்துவிடுவான் என்று பரவசப்படவும் நான் தயாராக இல்லை. டிஸ்னி காமிக்ஸ் எப்படி ஏகாதிபத்தியத்தின் குரலாக இருக்கிறது என்று 1971இல் சிலியிலிருந்து டோர்ஃப்மனும் மாத்தலாரும் எழுதினார்கள். அது எங்களுக்கும் பொருந்தும். ராணி காமிக்ஸில் எங்களுக்கு இன்னொரு மாயாவி இருந்தான். லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய 'ஃபேண்டம்', தமிழில் முகமூடி வீரர் மாயாவியாக வந்தான். காட்டில் கறுப்பு மக்களுக்கு நடுவே வெள்ளைக்காரக் காவலன். அப்பனுக்குப் பின் மகன், நானூறு வருஷமாகப் பரம்பரை அதிகாரம். மக்களோ அவனைச் சாகாதவன் என்று நம்புகிறார்கள். முகமூடியைக் கழற்றினால் ஆண்டைதான். அவனையும் நாங்கள் ஆசையாகத்தான் படித்தோம். இதை மறைத்துவிட்டுக் கலக வாசிப்பு பற்றிப் பேசினால் அது பொய்.

கிராண்டேலும் கடைசிவரை கலகக்காரனாக இருப்பதில்லை. முதல் கதையில் அவன் ஊரையே மிரட்டும் குற்றவாளி. பின்னால் வந்த கதைகளில் அரசாங்கத்தின் ரகசிய உளவாளி. உதவியாளின் கோபம் அரசின் ஆயுதமாகிவிடுகிறது. மறைந்து நின்று பார்க்கும் சக்தி இப்போது அதிகாரத்தின் கண்காணிப்பு.

மறைவது யாருடைய சக்தி? டெல்டாக்காரன் இந்தக் கேள்வியைக் கேட்டால் வெண்மணிக்குப் போகாமல் இருக்க முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட சேரியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை எழுபதுகளில் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. தீ வைத்த கை உண்டு, உடல் இல்லை! மாயாவியாவதற்கு மிராசுதார்களுக்கு மின்சாரம்கூடத் தேவைப்படவில்லை. கோயிலுக்குள் போகச் சிறுவர்கள் கனவு கண்ட அதே சக்தி, நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பிடம் இருந்தது.

ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. 2012க்குப் பிறகு லயன்-முத்து இதழ்கள் வழவழப்பான தாளில், வண்ணத்தில் மறுபிறவி எடுத்தன. ரசிகனாக எனக்கு அதில் சந்தோஷம்தான். ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி வாசகர்கள் கூடுகிறார்கள். தாளின் தரம், மொழிபெயர்ப்பு, எந்த நாயகனுக்கு எத்தனை இதழ் என்று விவாதம் நடக்கிறது. நானும் சண்டை போடுகிறேன். ஆனால் விலை நூறு, இருநூறு என்று ஏறிவிட்ட பிறகு, வாசலில் குந்தி ஐம்பது காசுக்குப் படித்தவன் எங்கே போனான் என்று யாரும் கேட்பதில்லை. சேகரிப்பவனின் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் மாயாவி பத்திரமாக இருக்கிறான்.

தோழர்கள் இரவுப் பள்ளி நடத்துகிறீர்கள், படிப்பகம் வைத்திருக்கிறீர்கள். அங்கே இரண்டு மாயாவிகளையும் வாங்கிப் போடுங்கள். பிள்ளைகள் படித்து முடித்ததும் விளக்கவுரை சொல்லாதீர்கள். "நீ மாயாவியா இருந்தா என்ன செய்வே?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், புத்தகத்தைக் கொடுக்கும்போது கையைப் பார்க்காதீர்கள்.