மூடுபனிக்குள் ஒரு வேட்டைநாய்

பிபிசியின் ‘ஷெர்லாக்’ தொடரில் 2012 ஜனவரியில் ஒளிபரப்பான ‘தி ஹவுண்ட்ஸ் ஆஃப் பாஸ்கர்வில்’ பகுதியை எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. கதை தெரிந்த பிறகுதான் அதன் நுண்ணழகுகள் ஒவ்வொன்றாகக் கண் திறக்கின்றன. ஏற்கெனவே பார்த்தவர்கள் என்னோடு இன்னொரு முறை நிதானமாகப் பார்க்க வாருங்கள்.

முதலில் அந்த ஒளி. இந்தப் பகுதிக்கு மூலமான கோனன் டாயிலின் நாவலில் வேட்டைநாயின் முகத்தில் பாஸ்பரஸ் பூசியிருப்பார்கள். இருட்டில் அது நெருப்பாய் எரியும். திரைக்கதை எழுதிய மார்க் கேட்டிஸ் அந்த ஒளியை நாயிடமிருந்து எடுத்து, ஒரு சிறுமி வளர்க்கும் புளூபெல் என்ற முயலுக்குக் கொடுத்துவிட்டார்! ஒளிர்ந்த முயல் காணாமல் போய்விட்டது என்று அந்தக் குழந்தை மின்னஞ்சல் அனுப்புகிறாள். ஷெர்லாக் அதை அற்பமென்று ஒதுக்குகிறான்; நாமும் சிரித்துவிட்டு மறக்கிறோம். டார்ட்மூரில், ராணுவ ஆய்வுக்கூடத்துக்குள், அந்தச் சிறுமியின் தாயே எதிரில் வந்து நிற்கும்போதுதான் அந்தச் சின்ன இழை எவ்வளவு பக்குவமாக நெய்யப்பட்டிருந்தது என்று புரிகிறது.

பழைய அட்டிகையின் கற்களைக் கழற்றிப் புதுக் கட்டில் பதிக்கும் பொற்கொல்லரின் கை கேட்டிஸுக்கு. நாவலில் ஒரு குடும்பத்தின் பெயராக இருந்த பாஸ்கர்வில் இங்கே ராணுவ ஆய்வுக்கூடத்தின் பெயர். காலை வைத்தவரை விழுங்கிய கிரிம்பன் சதுப்பு இங்கே கண்ணிவெடி நிலம். ஸ்டேபிள்டன் என்ற பெயர் காதில் விழுந்ததும் நாவலைப் படித்தவர்களின் மனம் உடனே சந்தேகப்படும். படும் என்று தெரிந்தேதான் அந்தப் பெயரை அங்கே வைத்திருக்கிறார்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிரியமானது, விடுதியில் கணப்படுப்பின் அருகே நிகழும் காட்சி. டார்ட்மூரின் பள்ளம் ஒன்றில் எதையோ பார்த்துவிட்டு வந்து அமர்ந்திருக்கிறான் ஷெர்லாக். கையில் மதுக்கோப்பை. கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல வியந்து பார்க்கிறார் பெனடிக்ட் கம்பர்பேட்ச். தன் அறிவின் மேல் ஒருபோதும் ஐயம் கொள்ளாதவன், தன் கண்ணையே நம்ப முடியாமல் தவிக்கிறான். அந்தத் தவிப்பை மறைக்க, பக்கத்து மேசையில் இருப்பவர்களைப் பற்றி மூச்சு விடாமல் துப்புகளை அடுக்குகிறான். அறிவு இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது என்று தனக்கே நிரூபித்துக்கொள்ளும் அவசரம் அது. எதிரே நண்பன் ஜானாக மார்ட்டின் ஃப்ரீமேன் அதிகம் பேசுவதில்லை. தனக்கு நண்பர்களே கிடையாது என்று ஷெர்லாக் சீறும்போது அவர் முகத்தில் வந்து போகும் அந்த வலி, அடடா, எத்தனை மென்மையான நடிப்பு! மறுநாள் ஷெர்லாக் தன் வழியில் அதைச் சரிசெய்கிறான்: பன்மையில் இல்லை, ஒருவன் இருக்கிறான் என்று.

இனி பனி. நாவலில் கடைசி நேரத்தில் ஹோம்ஸின் திட்டத்தைக் கெடுக்கப் பார்ப்பது மூடுபனி. இயக்குநர் பால் மெக்குவிகன் அந்தப் பள்ளத்தில் பனியைப் படரவிடும்போது, திகில் கதைக்குரிய அலங்காரம் என்றே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அச்சத்தை ஊட்டும் மருந்தே அந்தப் பனியில்தான் கலந்திருக்கிறது. மண்ணில் கால் பதியும்போதெல்லாம் அது சுரக்கிறது. ஷெர்லாக்கோ, ஜானின் காபியில் தான் கலந்து கொடுத்த சர்க்கரையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தான்! விடை முழுத்திரையிலும் விரிந்து கிடக்க, நாம் அதனூடே நாயைத் தேடிக்கொண்டிருந்தோம். இவ்வளவு நேர்மையாகத் துப்பைக் கண்முன் வைத்த மர்மக்கதைகள் அபூர்வம்.

நாவலை இதுவரை படிக்காதவர்கள் முதலில் அதைப் படித்துவிடுங்கள். பிறகு இந்தப் பகுதியைப் பாருங்கள், சுவை இரட்டிப்பாகும்.