ஒத்திகை இல்லாத ஸ்பெஷல்

திருவிழாக் காலத்தில் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி, அறந்தாங்கி, பொன்னமராவதி என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் சுவரில் அந்த நோட்டீஸ் தென்படும். வள்ளி திருமணம். வட்டத்துக்குள் முகம், முகத்துக்குக் கீழே பெயர், பெயருக்கு முன்னால் ஊர். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் அந்த ஒரு ராத்திரிக்கென்று தனித்தனியாகப் பேசி அழைக்கிறார்கள். ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரே அதனால் வந்ததுதான். ஒத்திகை கிடையாது. கொட்டகைக்குப் பின்னால் பவுடர் பூசும்போதுதான் ஒருவரையொருவர் குசலம் விசாரிப்பார்கள். பத்து மணிக்கு ஆர்மோனியம் எடுத்தால் விடியும்வரை ஓடும்.

தொலைக்காட்சிக்காரர்களும் ஸ்பெஷல் என்றுதான் சொல்கிறார்கள். பத்தாம் ஆண்டு, இருபதாம் ஆண்டு என்று கணக்குப் பார்த்துப் பழைய காமெடிக் கூட்டத்தை மறுபடி மேடையேற்றுவது இப்போது பண்டிகைச் சடங்குகளில் ஒன்று. விஜய் டிவியின் 'லொள்ளு சபா', 2005இல் தொடங்கிய 'கலக்கப் போவது யாரு' ஆகியவற்றில் கலக்கியவர்களை ஒரே மேடையில் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளின் ஸ்கோர் கார்டு பரிதாபம். பழைய கிளிப், கட்டிப்பிடித்தல், கண்ணீர், நினைவுப் பரிசு, நடுநடுவே விளம்பரம். புதிதாக ஒரு சிரிப்பு கிளம்புவதற்குள் நன்றி அட்டை வந்துவிடுகிறது. டெஸ்ட் ஆடியவர்களை வரவழைத்து, டாஸ் மட்டும் போடவைத்து அனுப்புவதுபோல.

கூட்டாகச் செய்யும் காமெடியில் கைதட்டல் அடிப்பவருக்குப் போகும். ஆட்டம் இருப்பதோ எடுத்துக் கொடுப்பவர் கையில். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் முதலில் தனியாக வந்து கூட்டத்தை அளந்து பார்ப்பார். எந்தப் பேச்சுக்குப் பெண்கள் பக்கம் சிரிப்பு வருகிறது, எதற்கு இளவட்டங்கள் விசில் அடிக்கிறார்கள், பெரியவர்கள் எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்பதெல்லாம் கால் மணி நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் டான்ஸ் ஆடும் பெண் வருவார். இருவரும் மோதிக்கொள்வார்கள், வாய்ச்சண்டை தொடங்கும். பபூன் போட்ட பந்தை அவர் விட்டுவிட்டால் கதை முடிந்தது. அடித்தால், அடி விழுந்த அந்த நொடியில் ஆல்ரவுண்ட் என்ற தாளக் கருவிகளை வாசிப்பவர் தட்டவேண்டும். மூன்று ஊர்க்காரர்கள், ஒரு டைமிங்.

டிவியிலும் இதே கணக்குதான். 'கலக்கப் போவது யாரு' மேடையில் அறந்தாங்கி நிஷாவின் பேச்சில் பலரும் வியப்பது வேகத்தை. என் கணக்கில் அது இரண்டாம் பட்சம். தன் நிறத்தையும் உடம்பையும் தானே கிண்டலுக்கு எடுத்துக் கொடுப்பார், எதிராளியை அடிக்கவிடுவார், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் திருப்பி அடிப்பார். எதிரே நின்று வாங்கிக்கொள்ள ஜோடியாகப் பழனி இருந்ததால்தான் அந்த மேடையில் அந்த வேகம் சத்தமாகாமல் ஆட்டமாயிற்று. நாளை ஓர் ஆண்டுவிழாவில் நிஷாவை மட்டும் நாற்காலி போட்டு உட்காரவைத்து அனுபவம் கேட்டால், பாதி ஆளைத்தான் அழைத்ததாக அர்த்தம்.

ராம்பாலா இயக்கிய லொள்ளு சபாவின் பலமும் இதுவே. முன்னால் சந்தானம் பேசும்போது பின்னால் நிற்பவர் சும்மா நிற்கமாட்டார். கையைக் காலை உதறிக்கொண்டு மனோகர் ஒரு வேலை பார்ப்பார், சேஷு முகத்தாலேயே இன்னொன்று பார்ப்பார். அந்தக் கூட்டம் மறுபடி சேர்ந்ததில் உருப்படியானது எது என்று கேட்டால், எந்த ஆண்டுவிழாவையும் சொல்லமாட்டேன். 2019இல் வந்த 'ஏ1' படத்தைச் சொல்வேன். மனோகர், சேஷு, மாறன் என்று பழைய ஆட்கள் சந்தானத்தைச் சுற்றி நின்றார்கள். பழங்கதை பேசாமல் வந்த வேலையைப் பார்த்தார்கள்.

இந்த இரு நிகழ்ச்சிகளுக்கும் இனி முழு அணி கிடைக்காது என்பதும் உண்மை. வடிவேல் பாலாஜி 2020இல் போனார், கோவை குணா 2023இல், சேஷு 2024 மார்ச்சில், ரோபோ சங்கர் 2025 செப்டம்பரில். இங்கிலாந்தின் மான்டி பைத்தான் குழுவுக்கும் இதே கதிதான். அவர்களுடைய தொலைக்காட்சித் தொடரின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கு முந்தின நாள், 1989 அக்டோபர் 4இல், குழுவின் கிரஹாம் சாப்மன் இறந்தார். முப்பதாம் ஆண்டுக்காக 1999இல் பிபிசி ஓர் இரவையே ஒதுக்கியபோது எரிக் ஐடில் தன் பங்கை அமெரிக்காவிலிருந்தே முடித்துக்கொண்டார். பெயருக்குத்தான் சந்திப்பு. 2014 ஜூலையில் லண்டன் ஓ2 அரங்கில் பத்து இரவுகள் மிச்சமிருந்த ஐந்து பேரும் நேரில் நின்றார்கள். ஜான் கிளீஸுக்கு அப்போது 74 வயது. அவர்களுடைய பழைய செத்த கிளிக் காட்சியில் அவரும் மைக்கேல் பேலினும் வசனத்தைவிட்டு விலகி, சிரிப்பை அடக்கமுடியாமல் திணறிய இடங்கள்தான் அந்த மேடையில் உயிரோடு இருந்தவை. எழுதி வைத்தது தவறிப்போன இடத்தில் பழைய ஆட்டம் எட்டிப் பார்த்தது.

எனவே, அடுத்த ஆண்டுவிழாவுக்குத் திட்டம் போடும் தயாரிப்பாளர்களே, கிளிப்பைக் குறையுங்கள். இரண்டு மைக், ஓர் ஆர்மோனியம், வெட்டாத அரை மணி நேரம் கொடுத்துப் பாருங்கள். இறந்தவரின் படத்தைக் காட்டி இசை போடுவதைவிட, அவர் செய்த பாத்திரத்தில் இன்னொருவரை இறக்கி மோதவிடுவது அவருக்கு மரியாதை.

வாசகர்களுக்கு ஒன்று. மாசி, பங்குனியில் உங்கள் ஊர்ப் பக்கம் வள்ளி திருமணம் நோட்டீஸ் ஒட்டியிருந்தால், வள்ளியோடு நாரதர் செய்யும் தர்க்கத்துக்குப் போனால் போதும் என்று நடுராத்திரியில் கிளம்பாதீர்கள். பத்து மணிக்கே போய்விடுங்கள். பபூன் முதலில் வந்துவிடுவார்.