பெயர் சுமக்கும் கோப்பைகள்

பெங்களூரில் பழைய மதராஸ் சாலையிலிருந்து எச்.ஏ.எல். பக்கம் போகிறவர்களுக்குச் சுரஞ்சன் தாஸ் சாலை பழகிய வழி. யார் அந்த தாஸ் என்று கேட்டால் பலரும் உதட்டைப் பிதுக்குவார்கள். 1961 ஜூனில், இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானமாகிய மாருத்தை முதன்முதலில் பறக்கவிட்டவர் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ். 1970 ஜனவரி 10 அன்று, அதே மாருத்தின் மேம்பட்ட வடிவம் ஒன்றைச் சோதிக்கும்போது இதே ஊரில் விபத்தில் மாண்டார். சாலையில் போகிறவர்கள் மறந்துவிட்ட அந்தப் பெயரை ஒரு பள்ளி மட்டும் தவறாமல் உரக்கச் சொல்கிறது.

அது இந்த ஊரிலுள்ள வான்படைச் சோதனை விமானிகள் பள்ளி. பெயர்தான் வான்படையுடையது, கடற்படை, தரைப்படை அதிகாரிகளும் அங்கே படிக்கிறார்கள். எல்லாத் துறையிலும் சிறந்த மாணவ விமானிக்குச் சுரஞ்சன் தாஸ் கோப்பை. சோதனைப் பொறியாளர்களில் சிறந்தவருக்கு மகாராஜா ஹனுமந்த் சிங் வாள். 1964இல் எகிப்தின் எச்.ஏ.-300 விமானத்தை முதன்முதலில் பறக்கவிட்ட இந்தியர் கபில் பார்கவாவின் பெயரிலும் ஒரு கோப்பை உண்டு.

கடற்படைக்கென்றே உள்ள பள்ளிகளின் வரிசை கேரளத்தின் எழிமலைக் கடற்படை அகாதெமியில் தொடங்குகிறது. 2009 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்த அகாதெமியில் முதலிடத்துக்குக் குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கம். அடுத்து, கொச்சியின் பயிற்சிக் கப்பல்களில் ஏறும் இளைஞர்களுக்குப் பரிசாக வருபவை தொலைநோக்கியும் இருகண் நோக்கியும். கப்பலின் மேல்தளத்தில் காவல் நிற்கிறவன் கையில் இருக்க வேண்டிய பொருளையே பரிசாகக் கொடுப்பது கடற்படையின் நல்ல வழக்கம். அலமாரியில் வைத்துப் பூட்டத் தோன்றாது.

ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களின் பள்ளி நமக்குப் பக்கத்திலேயே, அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில். எல்லாவற்றிலும் சிறந்த பயிற்சி விமானிக்குக் கேரள ஆளுநர் சுழற்கோப்பை. பறப்பதில் முதல்வருக்குக் கிழக்குக் கடற்படைத் தலைமைத் தளபதியின் சுழற்கோப்பை. வகுப்பறைப் பாடங்களில் முதல்வருக்கு சப் லெப்டினன்ட் குண்ட்டே நினைவுப் புத்தகப் பரிசு.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மரபின் அளவுகோல் புரியும். பறப்பதற்கு ஒரு பரிசு, படிப்புக்கு ஒரு பரிசு, எல்லாவற்றிலும் சிறந்தவருக்குத் தலையாய பரிசு. கை பழகியும் கணக்குத் தெரியாதவரும், கணக்குத் தெரிந்து கை நடுங்குபவரும் கடலுக்கு மேலே நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது.

பரிசுகளின் பெயரிலும் இருவகை உண்டு. குடியரசுத் தலைவர், ஆளுநர், தளபதி என்பவை பதவியின் பெயர்கள். ஆள் மாறினாலும் பதக்கம் மாறாது. நினைவுப் பரிசு அப்படிப்பட்டதல்ல. அது ஒரே ஒரு மனிதருடையது. சப் லெப்டினன்ட் என்பது கடற்படை அதிகாரியின் ஏணியில் முதற்படி. அந்தப் படியோடு நின்ற ஒரு பெயரை, பயிற்சி முடிக்கும் இன்னொருவர் கையில், அதுவும் புத்தகமாகக் கொடுக்கிறார்கள். பதவிப் பெயர்கொண்ட பதக்கம் வாங்குபவரை உயர்த்துகிறது. நினைவுப் பரிசு அவரிடம் ஒரு பொறுப்பையும் ஒப்படைக்கிறது.

இறந்தவர் பெயரைக் காக்கும் இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. போரில் விழுந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்துவதைத் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. பெங்களூர் என்ற பெயரே நமக்கு முதலில் கிடைப்பது பேகூர் நாகேசுவரர் கோயிலிலுள்ள, ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டின் வீரக்கல் ஒன்றில்தான். பெங்களூர்ப் போரில் இறந்த ஒருவனுக்காக எழுப்பிய கல் அது.

நடுகல் நட்ட இடத்திலேயே நிற்கும். சுழற்கோப்பை கை மாறும். அதன் அடிப்பலகையில் வென்றவர் பெயர் பொறித்த சிறு தகடுகள் கூடிக்கொண்டே போகும். இடம் போதாதபோது பலகையைத்தான் பெரிதாக்குவார்கள். உச்சியிலுள்ள அந்த ஒரு பெயரில் கைவைப்பதில்லை.