கரண்ட் வைத்தால் நெஞ்சு தாங்குமா?

"அம்மாவுக்கு ஏற்கெனவே நெஞ்சு வருத்தம் இருக்குங்க டாக்டர். கரண்ட் வெச்சா தாங்குவாங்களா?"

வயதானவரின் கடும் மனச்சோர்வுக்கு மின்னதிர்வு சிகிச்சை தரலாம் என்று வைத்தியர் சொன்னதும் எந்த மலையகக் குடும்பமும் கேட்கக்கூடிய முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. கொஸ்லந்தவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அறுபதைத் தாண்டிய பலரிடம் பிரஷர் கிளினிக் கொப்பி ஒன்று இருக்கும். சிலரிடம் நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையும் இருக்கும். என் கவலை அந்தக் கேள்வியைப் பற்றியதல்ல. முழுப் பதிலுக்குக் காத்திராமல், "அப்ப வேணாம், வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவம்" என்று முடிவெடுத்துவிடுவதைப் பற்றியது. இதயத்தைக் காரணம் காட்டி மறுக்கப்படும் இந்தச் சிகிச்சையை இதயத்தின் பக்கம் நின்றே பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. சிகிச்சையின் உண்மையான ஓட்டைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலில், மின்சாரம் நெஞ்சுக்குள் போவதில்லை. தலையில் வைக்கும் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே, நோயாளி முழு மயக்கத்தில் இருக்கும்போது, சில வினாடிகள் பாய்ந்து முடிகிறது. மூளையில் ஒரு வலிப்பை உண்டாக்குவதே நோக்கம். 1938இல் ரோமில் உகோ செர்லெத்தியும் லூச்சியோ பினியும் தொடங்கிவைத்ததும் இதைத்தான். இதயத்துக்குச் செய்தி போவது நரம்பு வழியாக. மின்சாரம் பாய்ந்த கணத்தில் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடி இறங்குகிறது. சிலருக்குச் சில வினாடிகள் துடிப்பே நின்று பிறகு தொடங்கும். வலிப்பு வந்ததும் அட்ரினலின் பொங்கி, நாடியும் பிரஷரும் விறுவிறுவென ஏறும். வலிப்பு அடங்கியதும் மறுபடி ஓர் இறக்கம். நல்ல இதயம் இதைக் கண்டுகொள்வதில்லை. குழாய் அடைத்த இதயத்துக்கோ, அந்தச் சில நிமிடங்கள் நிறைந்த கொழுந்துக் கூடையோடு செங்குத்து மலையில் ஓடி ஏறியதற்குச் சமம்.

இந்த ஏற்ற இறக்கம் எப்போது வரும், எந்த வரிசையில் வரும் என்பது முன்கூட்டியே தெரியும். அதுதான் இதன் பெரிய பலம். நாடி இறங்காமலிருக்க அட்ரோபின், பிரஷர் எகிறாமலிருக்க எஸ்மொலொல் அல்லது லபெட்டலொல், உடல் துள்ளாமலிருக்கத் தசை தளர்த்தும் மருந்து, இடைவிடாத ஒட்சிசன், திரையில் ஓடிக்கொண்டிருக்கும் ஈ.சி.ஜி. கோடு, பக்கத்தில் மயக்கமருந்து வைத்தியர். லயத்துக் காம்பராவில் நடுராத்திரி வரும் நெஞ்சுவலிக்கு இந்தக் காவலில் ஒன்றுகூடக் கிடையாது.

ஆபத்தே இல்லை என்று சொல்லவரவில்லை. 2019இல் 'அனெஸ்தீசியாலஜி' ஆய்விதழில் வந்த தொகுப்பாய்வின்படி, இந்தச் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒருவருக்குக் கடுமையான இதயச் சிக்கல் ஏதாவது வருகிறது. மரணம் அதைவிட மிக அரிது. எந்தக் காரணத்தாலான மரணத்தையும் சேர்த்தாலும் பத்தாயிரம் நோயாளிகளுக்கு நான்கைந்து பேர். ஐம்பதில் ஒருவர் என்பது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும் எண்ணல்ல. ஆனால் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 1993இல் வந்தது. நாற்பது பேரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்தது, பெரும்பாலும் வந்த வேகத்தில் அடங்கியது; முப்பத்தெட்டுப் பேர் சிகிச்சையை முழுமையாக முடித்தார்கள். அதே கூட்டத்தில் முன்பு பழைய வகை மனச்சோர்வுக் குளிசைகளை முயன்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், இதயத் தொல்லையால் அவற்றை நிறுத்தியிருந்தார்கள். குளிசை சாது, கரண்ட் கொடியது என்ற எண்ணத்தை இந்த ஒரு ஒப்பீடே அசைத்துவிடுகிறது. அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய குளிசைகள் எழுந்து நிற்கும்போது பிரஷரை விழவைக்கும், இதயத்தின் மின்கடத்தலைத் தாமதப்படுத்தும். மாரடைப்புக்குப் பிறகும் தரத்தக்கது என்று 2002இல் சோதித்துக் காட்டப்பட்ட செர்ட்ரலின் போன்ற புதியவை எவ்வளவோ மேல். பெரும்பாலான முதியவர்களுக்கு அவற்றில் தொடங்குவதே முறை.

சிக்கல், குளிசை வேலை செய்யும்வரை காத்திருக்க முடியாதவர்களிடம்தான். எழுபது வயது ஆத்தா ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை. தண்ணீரைக்கூட வாயில் வைத்துத் துப்பிவிடுகிறாள். குடல் அழுகிப்போய்விட்டது, தான் செத்து நாளாகிவிட்டது என்கிறாள். சாப்பாட்டை மறுத்தவள் பிரஷர் குளிசையை மட்டும் விழுங்குவாளா? நீர் வற்றிய உடம்பில் இரத்தம் தடிக்கிறது, பொட்டாசியம் குறைகிறது, நாடி தாறுமாறாகிறது. மனச்சோர்வே இதயத்தை அடிக்கும் என்பதும் புதிய செய்தியல்ல. மொன்றியலில் மாரடைப்பு வந்த 222 பேரைப் பின்தொடர்ந்து 1993இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வும் சேர்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். குளிசை பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். இந்த ஆத்தாவிடம் அந்த ஆறு வாரம் இல்லை. மின்னதிர்வு சிகிச்சையில் இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும். அறுபது வயதுக்கு மேற்பட்ட 240 பேருக்கு அமெரிக்காவில் இதைத் தந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், பத்துக்கு ஆறு பேர் நோய்க்குறி நீங்கித் தெளிந்தார்கள். மனநல மருத்துவத்தில் இவ்வளவு வேகமாக இவ்வளவு பேரை எழுப்பும் வேறு சிகிச்சை அரிது.

அதற்காக எல்லாத் துயரத்துக்கும் இது மருந்தாகாது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து உண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தும் அந்தச் சனங்கள் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது. உடல்கூடக் கிடைக்காமல் பிள்ளையையும் பேரனையும் இழந்தவர்களின் அழுகை நோயல்ல. தூங்காத இரவுகளும் மழைச் சத்தத்துக்கு வரும் நடுக்கமும் கேட்பது பேச்சுத் துணையையும் பாதுகாப்பான வீட்டையும்தான். உயிர் தப்பியவர்களுக்கு நிரந்தர வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆனது; அந்தத் தாமதத்தை எந்த வார்டிலும் வைத்தியம் பார்த்துத் தீர்க்க முடியாது. ஆனால் அதே துயரத்திலிருந்து ஒருவர் மெல்ல மெல்ல உணவையும் பேச்சையும் விட்டு உறைந்துபோனால், "பாவம், மகன் போன கவலை" என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டே இருப்பதும் கொடுமை. துக்கம் எது, நோய் எது என்று பிரித்துப் பார்ப்பதே இங்கு வைத்தியரின் முதல் வேலை. தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரி வரை, அதைச் செய்ய நோயாளியின் மொழியில் உட்கார்ந்து பேச நேரமுள்ள ஒருவர் வேண்டும்.

இதயத்தைப் பொறுத்தவரை, தயாரிப்பே எல்லாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்குபவர், பெருநாடி வால்வு கடுமையாகச் சுருங்கியவர், படுத்திருக்கும்போதே நெஞ்சு வலிப்பவர்: இவர்களுக்கு இதயத்தைச் சீராக்கும்வரை தள்ளிப்போட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குத் தக்க கவனத்தோடு தரலாம். சின்னதாகத் தெரியும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சிகிச்சை நாளில் வெறும் வயிறு என்று சொன்னதும், காலையில் போட வேண்டிய பிரஷர் குளிசையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். சீனி வருத்தக் குளிசையைத்தான் அன்று தள்ளிப்போட வேண்டும். பிரஷர், இதயக் குளிசைகளில் எதையெல்லாம் ஒரு வாய்த் தண்ணீரோடு போட வேண்டும் என்று மயக்கமருந்து வைத்தியர் சொல்வார். பெரும்பாலும் போடத்தான் சொல்வார். அதை விட்டுவிட்டுப் போனால், வலிப்பின்போது எகிறும் பிரஷர் இன்னும் மேலே போகும். துணைக்கு நிற்பவருக்குத் தமிழில் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

இனி குறைகள். முதலாவது நினைவு. சிகிச்சையை ஒட்டிய வாரங்களின் நினைவு அழிவது பொதுவானது. பெரும்பாலோருக்குப் புதிதாகக் கற்கும் திறன் சில வாரங்களில் திரும்பினாலும், குறைந்தது மூன்றில் ஒருவர் நீடித்த நினைவிழப்பைச் சொல்கிறார்கள் என்று 2003இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட ஆய்வு எழுதியது. நோயாளிகளின் சொல்லை வைத்தியர்கள் இவ்வளவு காலம் குறைத்து மதித்தது பிழை என்றே நினைக்கிறேன். கடைசியாகக் கணவரோடு பேசிய பேச்சு ஒரு முதியவளுக்கு எவ்வளவு பெறுமதியானது என்பதை எந்தச் சோதனைத் தாளும் அளப்பதில்லை. வலது பக்கம் மட்டும், மிகக் குறுகிய துடிப்பில் மின்சாரம் தரும் முறை இந்த இழப்பைக் குறைக்கிறது. அந்த வசதியுள்ள கருவி இருக்கிறதா என்று குடும்பம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஆதாரத்தின் பலவீனம். மின்சாரம் தராமல் மயக்கமருந்து மட்டும் தந்து ஒப்பிட்ட சோதனைகள் பதினொன்றுதான், எல்லாம் 1986க்கு முந்தியவை என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டியது சரியே. கடும் இதய நோயுள்ள எண்பது வயதுக்காரர் அப்படிப்பட்ட சோதனைகளில் அரிதாகவே சேர்க்கப்படுகிறார். இதனால் சிகிச்சை பயனற்றது என்று ஆகிவிடாது. அன்றாட அனுபவமும் பெரிய பதிவேடுகளும் மறுபக்கம் பலமாகவே நிற்கின்றன. ஆனால் வைத்தியர் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் உரிமையை இது பறிக்கிறது.

மூன்றாவது, சம்மதம். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மயக்கமருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் இந்தச் சிகிச்சை தரக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. இலங்கையின் மனநோய்க் கட்டளைச் சட்டமோ 1873ஆம் ஆண்டுக்குரியது. இந்தச் சிகிச்சை பிறப்பதற்கே அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தியது. 'அங்கொடைக்கு அனுப்பிருவாங்க' என்று அங்குள்ள மனநல ஆஸ்பத்திரியைப் பயந்து வளர்ந்த ஒரு சமூகத்திடம், மயக்கமே தராமல் கைகாலைக் கட்டி வைத்த பழைய காலக் கதைகள் இன்னும் உலவும் இடத்தில், சிங்களத்தில் அச்சடித்த படிவத்தில் பெருவிரல் ரேகை வாங்குவதைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன்.

எல்லாவற்றிலும் பெரிய குறை சிகிச்சை முடிந்த பிறகு வருகிறது. அதை நிறுத்தி, மருந்தும் தராமல் விட்டால் ஆறு மாதத்தில் 84 வீதமானோருக்கு நோய் திரும்பியது என்று 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. நோர்ட்ரிப்டிலினும் லித்தியமும் சேர்த்துத் தந்தபோது அது 39 வீதமாக இறங்கியது. ஆக, வார்டில் கிடைக்கும் விடுதலை பாதிதான். மறுபாதி வீட்டில் நடக்க வேண்டும். கொஸ்லந்தவிலிருந்து பெரகலை, அப்புத்தளை, பண்டாரவளை தாண்டிப் பதுளைக்குப் போய் வருவதற்குள் பொழுது போய்விடும். கூடப் போகும் மகளுக்கு அன்று பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் அன்றைய சம்பளமும் இல்லை. இலவச வைத்தியம் என்றாலும் இந்த இழப்பை யாரும் ஈடுசெய்வதில்லை. இரண்டு மூன்று மாதத்தில் வருகை நின்றுபோகும். ஆத்தா மறுபடி சோற்றை ஒதுக்குவாள். ஊரார் "கரண்ட் வெச்சும் சரிவரல" என்பார்கள்.

லித்தியத்தில் இதயத்தோடு தொடர்புள்ள ஒரு பொறியும் உண்டு. பிரஷருக்குத் தரும் தயசைட் வகை நீர்க்குளிசை, எனலாப்ரில், லொசார்டன் மூன்றுமே இரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடக்கூடியவை. மனநலக் கிளினிக்கில் ஒரு கொப்பி, பிரஷர் கிளினிக்கில் வேறொரு கொப்பி. ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரிவதில்லை. கைநடுக்கம், தள்ளாட்டம், வாந்தி என்று தொடங்குவதை வயதின் தளர்ச்சி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். என் கோரிக்கை எளிமையானது. மின்னதிர்வு சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒவ்வொரு முதியவரின் பிரஷர் கொப்பியிலும் அந்தச் சிகிச்சையும் லித்தியமும் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். லித்தியத்துக்கான இரத்த மாதிரியைக் கொஸ்லந்த வைத்தியசாலையிலேயே எடுத்துப் பதுளைக்கு அனுப்ப ஏற்பாடு வேண்டும். மனநல வைத்திய அதிகாரி மாதம் ஒருமுறை அங்கேயே வந்து பார்க்க வேண்டும். வாசலில் 1926 என்ற மனநல உதவி எண்ணும் தமிழில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால், நெஞ்சு வருத்தமுள்ள அந்த ஆத்தாவுக்குக் கரண்ட் வைக்கலாமா என்று கேட்பவரிடம் தயங்காமல் வையுங்கள் என்பேன். இல்லாவிட்டாலும் உயிர் காக்க வையுங்கள் என்றே சொல்வேன், ஆனால் ஆறு மாதத்தில் அவளை மறுபடி கூட்டிவர நேரலாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.