ஆறாவது வரிசை

மைக்ரோசாஃப்ட் வேர்டில் தயாரித்த பயணப்படிப் படிவம் ஒன்று. பூட்டப்பட்டிருப்பதால் சாம்பல் நிறக் கட்டங்களில் மட்டுமே தட்டச்சு செய்யலாம்; தலைப்பிலோ விதிமுறைகளிலோ யாரும் கைவைக்க முடியாது. செலவுகளுக்கு ஐந்து வரிசைகள். ஆறாவதாக ஒரு ஆட்டோ கட்டணம் வந்தால்? வரிசை சேர்க்கும் கட்டளையும் முடங்கிக் கிடக்கும்.

இங்கேதான் மேக்ரோ, அதாவது வேர்டுக்குள்ளேயே இயங்கும் சிறு நிரல், வருகிறது.

கடைசிக் கட்டத்தை விட்டு வெளியேறும்போது இயங்க வேண்டிய மேக்ரோவின் பெயரை அந்தக் கட்டத்தின் பண்புகளிலேயே குறித்துவிடலாம். டேப் விசையைத் தட்டியதும் அது பூட்டைத் திறந்து, புதிய வரிசையைச் சேர்த்து, அதில் கட்டங்களைப் பதித்து, மறுபடி பூட்டிவிடும். நிரப்புகிறவர் கண்ணுக்குத் தெரிவது புது வரிசை மட்டும்.

வேலையின் நயம் மேக்ரோவின் பூட்டும் வரியில் இருக்கிறது. அங்கே ‘நோரீசெட்’ என்பதற்கு ‘ட்ரூ’ என்று கொடுக்காவிட்டால், அதுவரை நிரப்பியதெல்லாம் அழிந்து கட்டங்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நடுவில் பிழை நேர்ந்து மேக்ரோ நின்றுபோனால் ஆவணம் திறந்தே கிடக்கும். அதனால் கைதேர்ந்தவர்கள், எந்தப் பிழை வந்தாலும் ஓட்டம் பூட்டும் வரிக்கே போய்ச் சேரும்படி எழுதுவார்கள். ஆவணப் பூட்டைத் திறக்கும் கடவுச்சொல்லும் நிரலுக்குள் இருப்பதால், நிரலுக்கும் தனியாக ஒரு பூட்டு போடுவார்கள்.

வேர்ட் 97 முதல் மேக்ரோக்கள் விஷுவல் பேசிக்கில் எழுதப்படுகின்றன. 2022 முதல், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்துவருகிறது. எனவே இத்தகைய படிவங்களை அலுவலகங்கள், நம்பகமான இடம் என்று வேர்டில் அறிவித்த கோப்புறையில் வைத்துப் பயன்படுத்துகின்றன.